வெள்ளிக்கு இரண்டு கணக்கு

வடக்கே அலோர்ஸ்டார் ஆகட்டும், தெற்கே சுங்கைப்பட்டாணி, கூலிம் ஆகட்டும், கெடாவின் தமிழர் நகைக்கடைகளில் முன்வரிசை தங்கத்துக்கு. வெள்ளிக்கு ஓரத்து அலமாரி. அங்கே கொலுசும் மெட்டியும் குழந்தைக்கான காப்பும் அரைஞாணும் குங்குமச் சிமிழும் கோயிலுக்குச் செலுத்தும் உருவத் தகடும் இருக்கும். தங்கம் முதலீடு, வெள்ளி செலவு என்பதுதான் பெரும்பாலான குடும்பங்களின் கணக்கு. இந்த வரிசை உலோகங்களோடு பிறந்தது போலவே நமக்குப் பழகிவிட்டது. ஆனால் அது வரலாற்றில் உருவான வரிசை. பல முறை புரண்டும் இருக்கிறது. புரளாமல் நின்றது வேறொன்று. வெள்ளியின் மேல் ஓர் உயிரினத்தின் உருவத்தைப் பொறித்து, அதற்கு ஒரு வேலையைக் கொடுக்கும் வழக்கம் அது. வெள்ளி நகையின் வரலாற்றை விலைக் கணக்கு, வேலைக் கணக்கு என்று இரண்டு ஏடுகளில் எழுத வேண்டும். முதல் ஏட்டை மட்டும் படிப்பவர்களுக்கு வெள்ளி ஏழையின் உலோகமாகவே தெரியும். இரண்டாவது ஏட்டில் அது காவலின் உலோகம்.

விலை புரண்டதற்கு மிகப் பழைய சாட்சி எகிப்து. 1925ஆம் ஆண்டு கீசாவில், கூபு மன்னனின் தாயான ஹெடெபெரெஸ் அரசியின் கல்லறையை ஜார்ஜ் ரைஸ்னரின் குழு கண்டெடுத்தது. அரசி வாழ்ந்த காலம் ஏறத்தாழ கி.மு. 2600. பொன்தகடு வேய்ந்த பெட்டியொன்றில் கைக்குப் பத்தாக இருபது வளையல்கள் இருந்தன. அவை தங்கத்தில் செய்தவை அல்ல, வெள்ளியில் செய்தவை. மெல்லிய தகட்டை அடித்து, சூடு காட்டி இளக்கி, மறுபடி அடித்து, உள்பக்கம் குழிவாக வருமாறு வளைத்திருக்கிறார்கள். வெளிமுகத்தில் பட்டாம்பூச்சி வடிவில் பள்ளம் எடுத்து, சிறகுக்கும் உடலுக்கும் நீலப்பச்சைக் கல்லையும் லாபிஸ் லாசுலி என்னும் நீலக் கல்லையும் பதித்து, இடையிடையே சிவப்பு மணிக்கல்லை வட்டமாக வைத்திருக்கிறார்கள். பொன் விளையும் நாட்டு அரசி வெள்ளியைத் தேடி அணிந்தது ஏன் என்ற கேள்விக்கு 2023இல் வெளிவந்த ஆய்வு ஒன்று விடை தந்தது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ள வளையல் துண்டுகளைச் சோதித்த அந்த ஆய்வு, உலோகம் பெரும்பாலும் ஏஜியன் கடலின் சைக்லடீஸ் தீவுகளின் தாதுவோடு ஒத்துப்போவதாகக் காட்டியது. லெபனான் கரையின் பிப்லோஸ் துறைமுகம் வழியாக அது வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. எகிப்தின் கிழக்குப் பாலையில் தங்கம் தோண்டக் கிடைத்தது. வெள்ளிக்கோ கடல் தாண்ட வேண்டியிருந்தது. பழைய அரசுக் காலத்துப் பொருள் பட்டியல்களில் தங்கத்துக்கு முன்னே வெள்ளியை எழுதியதன் காரணம் இந்த அருமைதான்.

அந்த இடம் எகிப்துக்குள்ளேயே நிலைக்கவில்லை. ஆசியாவிலிருந்து வெள்ளி வரத்து கூடக் கூட அதன் மதிப்பு இறங்கியது. ராமெசஸ் வம்சத்தார் காலத்தில் ஒரு எடை தங்கம் இரண்டு எடை வெள்ளிக்குச் சமம். விலை ஏட்டை மட்டும் பார்த்தால் வெள்ளி இங்கே தோற்றுவிட்டது. ஆனால் அதே காலத்தைச் சேர்ந்த பூபாஸ்டிஸ் புதையலில், 1906இல் வெளிப்பட்ட வெள்ளிக் கூஜா ஒன்றின் கைப்பிடியாகப் பொன் ஆடு ஒன்று பின்னங்காலில் எழுந்து நிற்கிறது. அதற்குப் பின், கி.மு. பத்தாம் நூற்றாண்டுக்கு அருகில், தானிஸ் நகரில் முதலாம் சுசென்னஸ் மன்னனை வெள்ளிப் பேழையில் அடக்கம் செய்தார்கள். அவனுடைய கல்லறையின் முன்னறையிலேயே இரண்டாம் ஷெஷோங்கின் வெள்ளிப் பேழையும் இருந்தது. அதற்கு மனித முகம் இல்லை, வல்லூறின் தலை. பியர் மோந்தே 1939இலும் 1940இலும் இவற்றை வெளிக்கொணர்ந்தார். கதிரவக் கடவுளின் தசை பொன், எலும்பு வெள்ளி என்று எகிப்தியர் நம்பினார்கள். சந்தையில் பாதி விலைக்கு வந்த பின்னும் இறந்த மன்னனைக் காக்கும் உடலை வெள்ளியில் செய்து, அதற்கு ஹோரஸ் கடவுளின் பறவைத் தலையைக் கொடுத்தார்கள் என்றால், அந்தத் தேர்வை விலை தீர்மானித்திருக்க முடியாது.

தமிழகத்துக்கும் வெள்ளி பெரும்பாலும் வெளிச்சரக்குதான். சங்ககாலப் பாண்டியர் வெளியிட்டவை என்று கருதப்படும் முத்திரை குத்திய வெள்ளிக் காசுகளின் பின்புறத்தில் கோடுகளாய்ச் சுருக்கிய மீன் இருக்கிறது. போடிநாயக்கனூரில் கிடைத்த குவியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதை அடுத்து, அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளிக் காசுகள் கொங்கு நாட்டில் குவியல் குவியலாகப் புதைந்திருந்தன. அந்தக் காசுகள் வந்த வழி எகிப்து வழிதான். செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் மியோஸ் ஹோர்மோஸிலும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இங்கே ஒரு சபலம் எழும். எகிப்தியர் குழந்தைகள் நீரில் மூழ்காதிருக்க மீன் வடிவத் தொங்கலைத் தலைமுடியில் கட்டினார்கள். நம் பெண்களும் காலில் மீன் மெட்டி அணிகிறார்கள். எனவே இது அங்கிருந்து வந்தது, அல்லது இங்கிருந்து போனது என்று முடிச்சுப் போடத் தோன்றும். அந்த முடிச்சு நிற்காது. குழந்தைகளின் மீன் தொங்கல்கள் கி.மு. இரண்டாயிரத்தை ஒட்டியவை, பானை ஓடுகள் கி.பி. முதல் நூற்றாண்டை ஒட்டியவை. இடையே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. மனிதர் அஞ்சும் பொருள்கள் எங்கும் ஒன்றுபோல இருப்பதால் உருவங்களும் ஒன்றுபோல வருகின்றன. கடன் வாங்கியதாகக் காட்டாமலேயே இரு வழக்கங்களையும் ஒப்பிடலாம். அப்படி ஒப்பிடும்போதுதான் பொதுவான வேலை தெளிவாகத் தெரிகிறது.

வெள்ளி கீழே இருப்பதற்குக் காரணம் விலை அல்ல, சாத்திரம் என்று சிலர் மறுப்பார்கள். பொன் திருமகள், அவளைக் காலில் அணியலாகாது, அதனால்தான் கொலுசும் மெட்டியும் வெள்ளியில் என்பார்கள். இன்று நம் வீடுகளில் இந்த நம்பிக்கை வலுவாக இருப்பது உண்மை. ஆனால் அது தொன்றுதொட்டு வந்த விதி என்பதற்கு நம் பழைய இலக்கியமே இடம் தரவில்லை. சங்கப் பாடல்களில் வீரரின் காலில் பொற்கழல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கதையே காற்சிலம்பு ஒன்றைப் பற்றியது. கோவலன் அதை விற்கப் போவது பொற்கொல்லனிடம். வழக்கு தீர்வது அதற்குள் இருந்த பரல் மாணிக்கமா முத்தா என்பதில். பொன்னைக் காலில் அணிந்தது குற்றம் என்று அந்தக் கதையில் யாரும் சொல்லவில்லை. கால் நகைக்கு வெள்ளி என்ற ஏற்பாடு பிற்காலத்தில் இறுகியது. வெள்ளி எட்டும் விலைக்கு வந்தால்தான் அந்த ஏற்பாடு எல்லா வீட்டுக்கும் பொருந்தும். சாத்திரம் விலைக்குக் காரணம் ஆனது என்பதைவிட, விலை அமைத்த வழக்கத்துக்குச் சாத்திரம் பின்னால் காரணம் சொன்னது என்பதே சான்றுகளோடு பொருந்துகிறது.

அந்த விலை எப்படி இறங்கியது என்பதை மலாயாவின் பணமே சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கிலும் அதை ஒட்டிய கெடாவிலும் புழங்கிய முக்கியக் காசு மெக்சிகோவின் வெள்ளி டாலர். கள்ளிச் செடிமேல் அமர்ந்து, அலகில் பாம்பைக் கவ்விய கழுகு அதன் ஒரு முகம். ஏறத்தாழ 27 கிராம் எடையுள்ள அந்தக் காசு மலாய், சீன, தமிழ்க் கைகளுக்கெல்லாம் பழக்கம். 1870களில் ஜெர்மனியும் பிற ஐரோப்பிய நாடுகளும் தங்கத்தைப் பண அளவுகோலாக ஏற்றுக்கொண்டன. அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்தும் வெள்ளி கொட்டியது. லண்டனில் அவுன்ஸ் 60 பென்ஸ் அளவில் நின்ற வெள்ளி 1894இல் 30 பென்சுக்கும் கீழே போனது. 1893இல் இந்திய அரசு, பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தரும் வழக்கத்தை நிறுத்தியது. ஒரு தலைமுறைக்குள் உலகம் முழுதும் வெள்ளி இரண்டாம் உலோகமானது. நம் பாட்டிமார் தலைமுறை மலாயாவின் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த காலமும் இதை ஒட்டியதே. வெள்ளி எப்போதும் எளியவர் உலோகம் என்ற நினைப்பு நம்மிடம் இத்தனை ஆழமாக இருப்பதற்கு, வீழ்ச்சிக்குப் பின் வந்த நினைவு மட்டுமே நம்மிடம் மிஞ்சியிருப்பதும் ஒரு காரணம்.

தோட்டத்துக் கூலியின் கையில் இந்தக் கணக்கு இன்னும் நுட்பமாக ஓடியது. 1903இல் வெளிவந்த ஜலசந்திக் குடியேற்ற டாலரின் எடை 26.95 கிராம், அதில் நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. 1907இல் எடை 20.21 கிராமாகக் குறைந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் வெள்ளி விலை ஏறி, காசின் முகமதிப்பைவிட உலோகம் மதிப்பாகிவிடும் நிலை வந்தது. 1919இல் எடையை 16.85 கிராமாகவும் தரத்தைப் பாதியாகவும் வெட்டினார்கள். கூட்டிக் கழித்தால், ஒரு டாலருக்குள் இருந்த தூய வெள்ளி 24 கிராமிலிருந்து 18க்கும், பிறகு எட்டரைக்கும் இறங்கியது. திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆற்காடு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாக வந்தவர்கள் இந்தக் காசில்தான் சம்பளம் வாங்கினார்கள். இரு போர்களுக்கும் இடையில் மலாயாவின் பல தோட்டப் பகுதிகளில் நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்ற அளவில் நின்றது. ஒரு டாலருக்கு ஒரு பெண் இரண்டரை நாள் பால் வெட்ட வேண்டும். அந்த டாலருக்குள் 1903இன் வெள்ளியில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். பழைய காசை உருக்கிச் செய்த தண்டையும் காப்பும் மட்டும் எடை குறையாமல் காலிலும் கையிலும் கிடந்தன. தட்டாரிடம் பழைய காசைக் கொடுத்து நகை செய்துகொள்வது ஆடம்பரம் என்று மேலிருந்து பார்த்தவர்கள் பழித்தார்கள். எட்டரை கிராம் காசோடு ஒப்பிட்டால் அது நல்ல சேமிப்புத்தான்.

ஆனாலும் சேமிப்பு மட்டுமே நோக்கமாக இருந்தால் வெள்ளிக் கட்டியே போதும். மீனும் பாம்பும் தேளும் எதற்கு? இங்கேதான் இரண்டாவது ஏட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது. குழந்தையின் அரைஞாணில் தாயத்தோடு, நாய் உருவம் பொறித்த நாய்க்காசைக் கோத்துக் கட்டுவது தமிழகத்துத் தென்பகுதி வழக்கம். அதன் வேலை அழகு காட்டுவது அல்ல, நோயும் பயமும் அண்டாமல் காப்பது. சங்கரன்கோவில் கோமதி அம்மன் சந்நிதியில் பாம்பு, தேள் உருவங்களை நேர்ந்துகொண்டு காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். சமயபுரத்திலும் பிற மாரியம்மன் கோயில்களிலும் கண்மலர், கை, கால் உருவங்கள் விற்கின்றன. இவற்றின் செய்முறை மிக எளிது. காகிதத்தைவிடச் சற்றே தடித்த வெள்ளித் தகட்டை, உருவம் குடைந்த அச்சின் மேல் வைத்து அழுத்தி, ஓரத்தைக் கத்தரிப்பார்கள். பாம்புக்குப் படமும் வளைந்த உடலும், தேளுக்குக் கொடுக்கும் தூக்கிய வாலும் தெரிந்தால் போதும். எடை அற்பம், விலை ஏட்டில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. வேண்டுதல் ஏட்டில் அது ஓர் உயிரின் ஈடு.

அந்த உருவங்களின் வேலை என்ன என்பதைக் கெடாவில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். மலாயாவின் வடமேற்குத் தோட்டங்களில் அதிகம் கடித்த நச்சுப்பாம்பு மலாயா குழிவிரியன். உதிர்ந்த ரப்பர் இலையின் நிறத்திலேயே இருக்கும். காலடி கேட்டாலும் நகராது. பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் எச். ஏ. ரீட் 1950களிலும் 60களிலும் கெடா, பெர்லிஸ் பகுதிகளின் பாம்புக்கடி நோயாளிகளை ஆராய்ந்து இந்தப் பாம்பைப் பற்றி விரிவாக எழுதினார். பொழுது புலருமுன் விளக்கோடு மரத்துக்கு மரம் நடக்கும் பால்வெட்டுத் தொழிலாளியின் பாதம்தான் அதற்கு எட்டும் இடம். ரீட்டின் ஆய்வுகளுக்கு முன் நல்ல சிகிச்சையும் தோட்டத்துக்கு எளிதில் எட்டியதில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நாகத்துக்கு மஞ்சள் பூசுவதும், அம்மனுக்குப் பாம்புருவம் நேர்வதும் வெறும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சி என்று சொன்னால் பாதி உண்மைதான். ஊரில் அந்த வழக்கத்தை உண்டாக்கிய அச்சம் இங்கே இன்னும் கூர்மையாக எதிர்ப்பட்டது. அச்சம் இருந்த இடத்தில் உருவமும் பிழைத்தது.

எல்லா விலங்குருவத்தையும் ஒரே கூடையில் போட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொலுசில் வரும் மயில் இன்று அலங்காரம். சேலத்துப் பட்டறைகளில் அச்சுக்கு அச்சு மாறும் வடிவங்களில் ஒன்று. அதை வாங்குகிறவர் முருகனின் ஊர்தியை நினைத்து வாங்குவதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. எகிப்திலும் இதே பிரிவு உண்டு: ஹெடெபெரெசின் பட்டாம்பூச்சி கண்ணுக்கு இனிதாக இருக்கிறது, ஷெஷோங்கின் வல்லூறு காவல் நிற்கிறது. பினாங்கு, கெடா நகரங்களில் அடுத்தடுத்து வாழ்ந்த சமூகங்களின் வெள்ளியிலும் இந்த வேறுபாடு தெரியும். மலாய்த் தட்டார் பெரும்பாலும் கொடியும் இலையும் பூவும் செதுக்கினார்கள். பாபா நியோன்யா குடும்பங்களின் வெள்ளியில் பீனிக்ஸ் பறவையும் வௌவாலும் மீனும் பட்டாம்பூச்சியும் செல்வத்தையும் நல்வாழ்வையும் அழைத்தன. தமிழர் வெள்ளியில் தனித்து நிற்பது கெடுதி செய்யும் உயிரையே உருவமாக்கிக் கொடுத்துவிடுவது. அழகுக்கான உருவம் வடிவம் மாறும், மறையும், திரும்ப வரும். அச்சத்துக்கான உருவம் அச்சம் உள்ளவரை அப்படியே நிற்கும். என் வாதம் இந்த இரண்டாம் வகையின் மேல்தான் நிற்கிறது.

இன்னொரு மறுப்பு, வசதி வந்ததும் எல்லோரும் தங்கத்துக்குத் தாவினார்களே, அதுவே வெள்ளி ஏழ்மையின் அடையாளம் என்பதற்குச் சான்று அல்லவா என்பது. தாலி எப்போதும் பொன்தான்; கையில் பணம் சேர்ந்தால் சங்கிலி பொன்னானது; இதில் மறுக்க ஏதும் இல்லை. ஆனால் பணத்துக்குக் குறைவில்லாத நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்டாயுதபாணியை எழுந்தருளச் செய்ய 1894இல் கொண்டுவந்தது வெள்ளி ரதம். காளைகள் இழுக்கும் அந்தத் தேர், வெள்ளி உலகச் சந்தையில் சரிந்து கிடந்த ஆண்டிலேயே கடல் தாண்டி வந்தது. சரிந்த விலை அத்தனை பெரிய தேரைச் செய்வதை எளிதாக்கியிருக்கலாம். ஆனால் விலை சரிந்த உலோகம் சாமிக்குத் தகாது என்று வட்டிக்கணக்கில் தேர்ந்த அந்தச் சமூகம் நினைக்கவில்லை. பொன் ரதம் பினாங்கு தைப்பூசத்தில் சேர்ந்தது 2017இல்தான். வெள்ளி ரதம் அதனால் ஓய்வு பெறவும் இல்லை. கெடா அரசமரபிலும் இதற்கு இணை உண்டு. 1909இல் ஆங்கில-சயாம் உடன்படிக்கை ஏற்படும்வரை, மூன்றாண்டுக்கு ஒரு முறை கெடா சுல்தான்கள் சயாமுக்குப் பொன்மலர் மரத்தோடு வெள்ளிமலர் மரத்தையும் அனுப்பினார்கள். அந்த மரபை அலோர்ஸ்டாரில் உள்ள மாநில அருங்காட்சியகம் நினைவுபடுத்துகிறது. அரசனுக்கு அரசன் அனுப்பும் காணிக்கையில் வெள்ளிக்கும் தனி மரம் உண்டு. பொன்னுக்குள் அது கரைந்துவிடவில்லை. விலையில் இறங்கியது சடங்கில் இறங்கவில்லை.

இதிலிருந்து வரும் முடிவு நடைமுறை சார்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, பழைய தண்டைகளும் அரைஞாண்களும் பெரும்பாலும் உருக்குக் கடையில் எடைக்குப் போயின. அங்கே கேட்கும் கேள்வி ஒன்றே: எத்தனை கிராம்? அதற்கான விடை நாளுக்கு நாள் மாறும். நான்காயிரத்து அறுநூறு ஆண்டுகளாக மாறிக்கொண்டேதான் இருக்கிறது. வீட்டில் மிஞ்சிய ஒரு துண்டு வெள்ளியைப் பற்றி எழுதி வைக்க வேண்டியவை வேறு: யார் அணிந்தார், எந்த வயதில், எந்த உருவம், எதற்கு எதிராக, எந்தக் கோயிலின் பேரில். மலேசியத் தமிழர் வரலாறு இதுவரை கூலி, கங்காணி, சங்கம், பள்ளி என்ற ஆவணங்களிலிருந்தே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. பெண்கள் எதற்கு அஞ்சினார்கள், எதை நம்பினார்கள், தம் சொற்பச் சம்பளத்தில் எதை ஒதுக்கி வைத்தார்கள் என்பதற்கு அந்த ஆவணங்களில் இடம் குறைவு. அந்தச் செய்தி வெள்ளியில் இருக்கிறது. எகிப்தின் அரசி எப்படிப்பட்ட வெள்ளியை அணிந்தாள், அது எந்தத் தீவிலிருந்து வந்தது என்பதை நாலரை ஆயிரம் ஆண்டு கழித்து அறிய முடிந்ததற்குக் காரணம், அந்த வளையல்களை எவரும் எடைக்குப் போடவில்லை என்பதே. பாட்டியின் வெள்ளிக்கும் அந்த அளவு பொறுமை காட்டலாம். உருக்கும் முன் ஒரு தாளில் நான்கு வரி எழுதிவைத்தாலே வரலாற்றுக்கு அது பெரும் உதவி.